பிறந்த குழந்தைக்கு எவ்வளவு பால் தேவை? முதல் மூன்று நாளில் 'பால் பத்தல' என்ற பயம் ஏன் வருகிறது?

"பாலே வரல சிஸ்டர், புள்ள விடிய விடிய அழுவுது. ஒரு பால் பவுடராவது எழுதிக் கொடுங்க."

அரசு மருத்துவமனையோ, தனியாரோ, பிரசவ வார்டில் இரண்டாவது நாள் இரவு இந்தப் பேச்சு கேட்காமல் இருக்காது. கேட்பவர் பெரும்பாலும் பாட்டி. சில நேரம் பதறிப்போன புது அப்பா. பெற்றவளோ, தையல் வலியோடு, தன் உடம்பில்தான் ஏதோ குறை என்று நினைத்துப் படுத்திருப்பார். அரை மணி நேரத்தில் கீழே மெடிக்கலில் இருந்து ஒரு டப்பா வந்துவிடும்.

இந்தக் காட்சிக்குப் பின்னால் ஒரு எளிய கேள்வி இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு உண்மையில் எவ்வளவு பால் வேண்டும்? இதற்கான பதில் தெரியாததால் இரண்டு விதமான தவறுகள் நடக்கின்றன. போதுமான பால் இருக்கும்போதே பவுடர் ஆரம்பிப்பது ஒன்று. உண்மையிலேயே பால் போதாத குழந்தையை, 'எல்லாம் சரியாகிவிடும்' என்று வீட்டிலேயே வைத்திருப்பது இன்னொன்று. இரண்டாவது தவறு பற்றி ரொம்பவே குறைவாகப் பேசப்படுகிறது.

ஆஸ்பத்திரியில் பிறந்தும் ஏன் இந்த நிலை?

2019-21இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 88.6% பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் 41.8% மட்டுமே. டாக்டரும் நர்ஸும் பக்கத்தில் இருந்தும், பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அந்த முதல் மணி நேரம் கைநழுவிப் போகிறது.

தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். முதல் மணி நேரத்தில் பால் கிடைப்பது இங்கே சுமார் 60%. தேசிய சராசரியை விட நல்ல நிலைதான். ஆனால் ஆறு மாதம் வரை வேறு எதுவும் இல்லாமல் தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகளின் கணக்கைப் பார்த்தால் கதை மாறுகிறது. நாடு முழுக்க அது 63.7%. தமிழ்நாட்டில் சுமார் 55% தான். மகப்பேறு மருத்துவத்தில் முன்னோடி என்று பேசப்படும் மாநிலம், இந்த ஒரு விஷயத்தில் சராசரிக்குக் கீழே நிற்கிறது.

வேலைக்குத் திரும்புவது, குடும்ப அழுத்தம், பவுடர் விளம்பரம் என்று காரணங்கள் பல. ஆனால் உலகம் முழுக்க அம்மாக்கள் பவுடருக்கு மாற முக்கியமான காரணங்களில் ஒன்றாகச் சொல்வது, 'எனக்குப் பால் போதவில்லை' என்பதுதான். தாய்ப்பால் குறித்து 2023இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரைத் தொடரும் இதையே சுட்டிக்காட்டியது. அந்த எண்ணம் முளைப்பது பெரும்பாலும் முதல் மூன்று நாட்களில்.

முதல் நாள்: டீஸ்பூன் கணக்கு

தாய்ப்பால் மருத்துவத்துக்கான சர்வதேச மருத்துவர் அமைப்பின் வழிகாட்டுதல், ஆரோக்கியமாக, நிறைமாதத்தில் பிறந்த குழந்தை ஒரு வேளைக்கு எவ்வளவு குடிக்கும் என்று ஒரு கணக்கு தருகிறது. முதல் 24 மணி நேரத்தில் ஒரு வேளைக்கு 2 முதல் 10 மி.லி. இரண்டாவது நாள் 5 முதல் 15 மி.லி. மூன்றாவது நாள் 15 முதல் 30 மி.லி. நான்காவது நாள் 30 முதல் 60 மி.லி.

ஒரு டீஸ்பூன் என்பது 5 மி.லி. அதாவது, முதல் நாளில் குழந்தை ஒரு வேளைக்குக் குடிப்பது அரை டீஸ்பூனில் தொடங்கி, அதிகபட்சம் இரண்டு டீஸ்பூன். இதைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். மார்பை அழுத்திப் பார்த்து, நாலு சொட்டு மஞ்சளாக வந்ததும் 'ஒண்ணுமே இல்லையே' என்று உதடு பிதுக்குகிறார்களே, அந்த நாலு சொட்டுதான் அன்றைய சாப்பாடு. சீம்பால் என்று சொல்லப்படும் அந்தக் கெட்டியான பாலில் நோய் எதிர்ப்புப் புரதங்கள் நிறைந்திருக்கின்றன. அளவு குறைவாக இருப்பது குறைபாடு கிடையாது. உறிஞ்சவும், விழுங்கவும், மூச்சு விடவும் ஒரே நேரத்தில் பழகும் குழந்தைக்கு அந்த அளவே தோதானது.

பால் எப்போது பெருகும்? நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் தாயின் உடலில் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன் சட்டென்று குறைகிறது. அதன் பிறகு சுமார் 30 முதல் 72 மணி நேரத்தில் பால் 'இறங்க' ஆரம்பிக்கும். மார்பு கனக்கும், கட்டும். தலைப்பிரசவம், சிசேரியன், சர்க்கரை நோய், அதிக உடல் எடை இருந்தால் இது இன்னும் ஒரு நாள் தள்ளிப் போகலாம். ஐந்தாவது நாள் வாக்கில் ஒரு நாளைய மொத்த அளவு அரை லிட்டரை நெருங்கும்.

சிக்கல் இங்கேதான். குழந்தை அதிகமாக அழுவது இரண்டாவது இரவு. பால் இறங்குவது மூன்றாவது, நான்காவது நாள். இடையில் இருக்கும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான் டப்பா திறக்கப்படுகிறது. இரண்டாவது இரவில் குழந்தை அரை மணிக்கு ஒரு தடவை மார்பைத் தேடுவது, பால் சுரப்பைத் தூண்டும் வேலை. அந்த நேரத்தில் 60 மி.லி. பவுடர் பாலைக் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டால், மார்புக்குப் போக வேண்டிய 'ஆர்டர்' போகாது. பால் எடுக்கப்பட எடுக்கப்படத்தான் சுரக்கும், தேங்கினால் சுரப்பு குறையும். அப்புறம் நிஜமாகவே பால் பத்தாமல் போகும்.

செர்ரி, வால்நட், முட்டை: அந்த வாட்ஸ்அப் படம் சரியா?

முதல் நாள் குழந்தையின் இரைப்பை செர்ரி பழ அளவு, மூன்றாவது நாள் வால்நட், ஒரு மாதத்தில் கோழி முட்டை என்று ஒரு படம் வருடக்கணக்கில் சுற்றி வருகிறது. சில மருத்துவமனைச் சுவர்களிலும் பார்க்கலாம். அம்மாக்களுக்குத் தைரியம் சொல்ல நல்ல படம். ஆனால் துல்லியமான படம் என்று சொல்ல முடியாது. பழைய ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்து 2013இல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை, பிறந்த குழந்தையின் இரைப்பைக் கொள்ளளவு சுமார் 20 மி.லி. என்று மதிப்பிட்டது. செர்ரியை விடப் பெரிதுதான்.

அதே கட்டுரை இன்னொரு விஷயமும் சொன்னது. இவ்வளவு சிறிய இரைப்பைக்கு, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுப்பதே இயல்புக்குப் பொருந்துகிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை வயிறு முட்டக் கொடுக்கும் பழக்கம், குழந்தையின் உடலமைப்பைப் பார்த்து வந்தது என்பதை விட பாட்டிலையும் கடிகாரத்தையும் பார்த்து வந்தது எனலாம்.

எத்தனை தடவை என்று கேட்டால், பொதுவான பதில் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை. இரவும் சேர்த்துத்தான். முதல் சில வாரங்களில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரேயடியாகத் தூங்கும் குழந்தையை எழுப்பியாவது கொடுக்க வேண்டும். 'தூங்குற புள்ளய எழுப்பாத' என்ற பாட்டியின் பேச்சை, பிறந்த எடை திரும்பும் வரைக்கும் தள்ளி வைப்பது நல்லது.

ஒரு மாதத்துக்குப் பிறகு?

இங்கே ஒரு ஆச்சரியம் இருக்கிறது. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகளை 24 மணி நேரமும் எடை போட்டு அளந்து பார்த்த ஒரு ஆஸ்திரேலிய ஆய்வு 2006இல் வெளியானது. ஒன்று முதல் ஆறு மாதக் குழந்தைகள் ஒரு நாளைக்குச் சராசரியாகக் குடித்தது சுமார் 790 கிராம். ஆனால் குறைந்தபட்சம் 478 கிராம், அதிகபட்சம் 1,356 கிராம். ஏறக்குறைய மூன்று மடங்கு வித்தியாசம். எல்லாமே நன்றாக வளர்ந்துகொண்டிருந்த குழந்தைகள்.

அதனால் 'பக்கத்து வீட்டுப் புள்ள 120 மி.லி. குடிக்குது, நம்ம புள்ள குடிக்கலயே' என்ற ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை. அதே போல, வயது கூடக்கூட தாய்ப்பாலின் அளவு ஏறிக்கொண்டே போக வேண்டும் என்பதும் இல்லை. ஒரு மாதத்தில் எட்டும் அளவு, ஆறு மாதம் வரை ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

பம்ப் வைத்து எடுத்துப் பார்த்து, 20 மி.லி. தான் வருகிறது என்று கலங்குபவர்களும் உண்டு. குழந்தை உறிஞ்சுவதும் மெஷின் இழுப்பதும் ஒன்றில்லை. பம்பில் வருவதை வைத்துச் சுரப்பைக் கணக்கிட முடியாது.

பவுடர் கொடுக்கத்தான் வேண்டும் என்றால்?

தாய் தீவிர சிகிச்சையில் இருக்கலாம், சில மருந்துகள் எடுத்துக்கொண்டிருக்கலாம், தாயே இல்லாமலும் போகலாம். எவ்வளவு முயன்றும் சுரப்பு போதாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு பவுடர் பால் ஒரு மருத்துவத் தேவை. அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை. தானமாகக் கிடைத்த தாய்ப்பாலைச் சேமித்து வைக்கும் பால் வங்கி பக்கத்தில் இருந்தால் முதலில் அதைக் கேட்கலாம். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டின் பெரிய அரசு மருத்துவமனைகளிலும் இந்த வசதி இருக்கிறது.

பவுடர் பால் குடிக்கும் குழந்தைக்குக் கணக்கு எடையை வைத்து வரும். குழந்தை நல மருத்துவர்கள் பொதுவாக முதல் நாளில் ஒரு கிலோ எடைக்கு 60 மி.லி. என்று ஆரம்பித்து, தினமும் 20 மி.லி. வீதம் கூட்டி, ஒரு வாரத்துக்குள் கிலோவுக்கு 150 மி.லி. வரை கொண்டு வருவார்கள். 3 கிலோ குழந்தை என்றால் முதல் நாள் மொத்தம் 180 மி.லி. எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 22 மி.லி. சொச்சம். ஒரு வாரம் ஆகும்போது நாளொன்றுக்கு 450 மி.லி., வேளைக்கு 55 மி.லி. சொச்சம். குறைமாதக் குழந்தைக்கும், எடை குறைந்த குழந்தைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். எந்தக் குழந்தைக்கும் ஒரு நாளில் ஒரு லிட்டரைத் தாண்டத் தேவையில்லை.

டப்பாவில் உள்ள அட்டவணையை மட்டும் பார்த்தால் குழப்பம் வரும். பிறந்த நாளையும் பதினான்காவது நாளையும் ஒரே வரியில் அடக்கிவிடும் அட்டவணைகள் உண்டு. முதல் நாள் குழந்தைக்கு இரண்டாவது வாரத்து அளவைக் கொடுத்தால் கக்கத்தான் செய்யும். கக்கியதும் 'செரிக்கல' என்று கிரைப் வாட்டர் தேடுவார்கள்.

இதை விட ஆபத்தான பழக்கம், பவுடரைச் சிக்கனம் பண்ணுவது. பெரும்பாலான டப்பாக்களில் 30 மி.லி. தண்ணீருக்குத் தலை தட்டிய ஒரு ஸ்கூப். விலை அதிகம் என்பதாலோ, 'கெட்டியா இருந்தா செரிக்காது' என்ற நம்பிக்கையாலோ தண்ணீரைக் கூட்டினால், குழந்தைக்கு வயிறு நிறையும், ஊட்டம் சேராது. ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரை போகலாம். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீரகத்துக்குச் சுமை. கொதித்து, சற்றே ஆறி, 70 டிகிரி செல்சியசுக்குக் குறையாத தண்ணீரில் கலக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் கிடையாது என்பதே காரணம். கலக்கிய பாலை, கொடுக்கும் சூட்டுக்கு ஆற வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மிச்சத்தைக் கீழே ஊற்ற வேண்டியதுதான்.

பாட்டிலை விட பாலாடை நல்லது. சங்கு என்றும் சொல்வார்கள். நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் இந்தச் சின்னக் கிண்ணம், பச்சிளம் குழந்தைகள் பற்றிய ஆங்கில மருத்துவக் கட்டுரைகளில் அதே 'பாலாடை' என்ற பெயரோடு இடம்பிடித்திருக்கிறது. பாட்டிலை விடச் சுத்தம் செய்வது எளிது. குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, உதட்டில் வைத்து, அது விழுங்கும் வேகத்துக்குக் கொடுக்க வேண்டும். தொண்டையில் ஊற்றினால் புரையேறும்.

அப்போ, பால் போதுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மார்பில் அளவுகோல் கிடையாது. உள்ளே போவதை அளக்க முடியாது, வெளியே வருவதை எண்ணலாம்.

சிறுநீர்: முதல் நாள் ஒரு தடவை, இரண்டாவது நாள் இரண்டு, மூன்றாவது நாள் மூன்று. ஐந்தாவது நாளில் இருந்து குறைந்தது ஆறு தடவை, வெளிர் நிறத்தில். இப்போது டயாப்பர் போடுவதால் ஒரு பிரச்னை, நனைந்ததே தெரியாது. முதல் வாரத்துக்கு மட்டுமாவது பழைய வேட்டித் துணி போட்டால் கணக்கு தப்பாது.

மலம்: முதலில் தார் மாதிரி கறுப்பு. மூன்றாவது நாள் பச்சை கலந்து வரும். நான்காவது, ஐந்தாவது நாளில் மஞ்சளாக மாற வேண்டும். ஐந்தாவது நாளும் கறுப்பாகவே போனால் பால் உள்ளே சரியாகப் போகவில்லை என்று சந்தேகப்பட வேண்டும்.

எடை: எல்லாக் குழந்தையும் முதலில் எடை குறையும். 7% வரை சாதாரணம். 10% தாண்டினால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். 3 கிலோவில் பிறந்த குழந்தைக்கு 10% என்பது 300 கிராம். அதாவது தராசு 2.700க்குக் கீழே காட்டக் கூடாது. 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடை திரும்ப வேண்டும். அதன் பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற்றம்.

அழுகையை ஏன் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை? குழந்தை ஈரத்துக்கும் அழும், குளிருக்கும் அழும், அம்மாவின் சூடு தேடியும் அழும். பசிக்கு அது முதலில் காட்டும் அடையாளம் வாயைத் திறந்து தலையைத் திருப்புவது, கையை வாய்க்குக் கொண்டுபோவது. அழுகை கடைசி. 'அழுத பிள்ளைக்குத்தான் பால்' என்ற பேச்சு பச்சிளம் குழந்தை விஷயத்தில் தலைகீழ். உண்மையிலேயே பால் போதாத குழந்தை, இரண்டு மூன்று நாளில் அழக்கூடத் தெம்பில்லாமல் தூங்கிக்கொண்டே இருக்கும். 'நல்ல புள்ள, தொந்தரவே இல்ல' என்று வீட்டில் மெச்சிக்கொள்வார்கள். கவலைப்பட வேண்டியது அந்தக் குழந்தையைப் பார்த்துத்தான்.

சிசேரியன் கணக்கு

தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9% சிசேரியன் என்கிறது அதே குடும்ப நல ஆய்வு. நாட்டின் சராசரி 21.5%. பால் அளவுப் பிரச்னையில் இந்த எண்ணுக்கு நேரடித் தொடர்பு உண்டு.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிறந்த சுமார் 1,60,000 குழந்தைகளின் எடையை வைத்து 2015இல் ஒரு ஆய்வு வெளியானது. தாய்ப்பால் மட்டுமே குடித்த சிசேரியன் குழந்தைகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல், 72 மணி நேரத்துக்குள் 10% அல்லது அதற்கு மேல் எடை இழந்திருந்தன. சுகப்பிரசவக் குழந்தைகளில் இது கணிசமாகக் குறைவு. சிசேரியனின்போது தாய்க்கு ஏற்றும் டிரிப்ஸ், குழந்தையின் பிறப்பு எடையைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்பதும் இதில் ஒரு காரணம். அதனால் எடை குறைந்த எல்லாக் குழந்தைக்கும் ஆபத்து என்று அர்த்தமில்லை. ஆனால் கண்காணிப்பு வேண்டிய குழந்தைகள் இங்கே அதிகம் என்று அர்த்தம்.

முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் தாய் விழித்துத்தான் இருக்கிறார். அறுவை அரங்கிலேயே குழந்தையை நெஞ்சில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்க ஆரம்பிக்கலாம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1989இலேயே வகுத்து, 2018இல் திருத்திய பத்து அம்ச நடைமுறை இதைத்தான் சொல்கிறது. நடப்பது வேறு. குழந்தை துடைக்கப்பட்டு, துணியில் சுற்றப்பட்டு, வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்கள் கைக்குப் போகிறது. செல்போன் படம் எடுத்து முடிப்பதற்குள் முதல் மணி நேரம் முடிந்துவிடுகிறது.

கர்ப்பகால சர்க்கரை இருந்த தாயின் குழந்தை, எடை குறைந்த குழந்தை, குறைமாதக் குழந்தை ஆகியவற்றுக்கு முதல் மணி நேரம் இன்னும் முக்கியம். ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். இவற்றுக்கு மருத்துவமனை ஊழியர்களே 'கொஞ்சம் பவுடர் கொடுங்க' என்றால், அது அலட்சியமாக இருக்க வேண்டியதில்லை, தேவையாகவே இருக்கலாம். எதற்காக, எத்தனை மி.லி., எத்தனை வேளை, எப்போது நிறுத்துவது என்ற நான்கு கேள்வியையும் வீட்டார் கேட்டுக்கொள்வது நல்லது. இந்தக் கேள்விகள் கேட்கப்படாததால்தான், ஒரு நாளைக்கு என்று ஆரம்பித்த டப்பா ஆறு மாதம் ஓடுகிறது.

சேனை, தேன், கழுதைப் பால்

பெரியவர் கையால் சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், நாக்கில் தேன், தெருவில் சங்கு கணக்கில் விற்கும் கழுதைப் பால் என எல்லாமே 'முதல் பால்' இடத்தைப் பிடிக்கப் பார்ப்பவை. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி, ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் தசைகளைச் செயலிழக்க வைக்கலாம். ஒரு வயது வரை தேன் கூடாது. கத்திரி வெயிலிலும் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு ஆறு மாதம் வரை தண்ணீர் வேண்டாம், பாலிலேயே போதுமான தண்ணீர் இருக்கிறது. வெயில் காலத்தில் பால் கொடுக்கும் தடவைகளைக் கூட்டினால் போதும். பசும்பாலைத் தண்ணீர் கலந்து கொடுப்பதும் இந்த வயதுக்கு ஆகாது.

பூண்டும் பால்சுறாப் புட்டும் முருங்கைக்கீரையும் தாய் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் பத்தியம் என்ற பெயரில் தண்ணீரையும் காய்கறியையும் குறைப்பது தாயின் உடம்புக்கு நல்லதில்லை. சுரப்புக்குப் பெரிய தூண்டுதல், குழந்தை சரியாகக் கவ்வி உறிஞ்சுவதுதான். காம்பை மட்டும் பிடித்தால் தாய்க்கு வலிக்கும், குழந்தைக்குப் பால் வராது. சுற்றியுள்ள கருமையான பகுதியும் வாய்க்குள் போக வேண்டும். 'பால் பத்தல' என்று வருபவர்களில் பலருக்கு, குழந்தையைப் பிடிக்கும் விதத்தை மாற்றியதுமே பிரச்னை தீர்வதுண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் குழந்தைப் பால் பவுடருக்கு விளம்பரமே செய்யக் கூடாது. 1992இல் வந்து, 2003இல் கடுமையாக்கப்பட்ட சட்டம் அது. இலவச சாம்பிள், தள்ளுபடி, டப்பாவில் குழந்தைப் படம், டாக்டருக்கோ நர்ஸுக்கோ கமிஷன், பரிசு எதுவும் கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்ற வாசகம் டப்பாவில் இருந்தாக வேண்டும்.

சட்டம் எழுதப்பட்ட காலத்தில் செல்போன் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022இல் எட்டு நாடுகளில் எடுத்த ஆய்வு, பெற்றோர், கர்ப்பிணிகளில் பாதிப்பேரை பவுடர் நிறுவனங்களின் விளம்பரம் எட்டியிருந்ததாகக் கண்டது. அதில் இந்தியா இல்லை. ஆனால் கர்ப்பிணிகளுக்கான செயலி, அம்மாக்கள் குழு, இன்ஸ்டா பிரபலத்தின் 'என் பாப்பா இப்போ நல்லா தூங்குறா' வீடியோ எல்லாம் இங்கேயும் பார்க்கக் கிடைப்பவைதான். எது விளம்பரம், எது அனுபவம் என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். பயம் உச்சத்தில் இருக்கும் அந்த இரண்டாவது இரவில் அம்மாவின் கையில் இருப்பதும் அதே போன்தான்.

மூன்றாவது நாள் யார் எடை போடுவது?

சுகப்பிரசவம் என்றால் இரண்டு, மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பால் இறங்கும் நாளும், எடை அதிகமாகக் குறையும் நாளும், மஞ்சள் காமாலை ஏறும் நாளும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. மருத்துவமனையின் கண்ணில் இருந்து குழந்தை மறையும் நேரமும், ஆபத்து கூடும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் 2011இல் வீட்டு அடிப்படையிலான பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து, எடை போட வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் கிராம சுகாதார செவிலியர் இந்தப் பொறுப்பில் இருக்கிறார். நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போகும் வழக்கத்தால், பதிவு ஓர் ஊரில், குழந்தை வேறு ஊரில். நகரத்தில், தனியார் மருத்துவமனையில் பெற்றவரின் அபார்ட்மென்ட் கதவை யாரும் தட்டுவதில்லை. தடுப்பூசி அட்டையில் அடுத்த தேதி ஆறு வாரம் கழித்துத்தான்.

பக்கத்தில் இலங்கையைப் பார்க்கலாம். 2016 கணக்கெடுப்பில் அங்கே ஆறு மாதத்துக்குள் தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகள் 82%. சிசேரியன் அங்கேயும் குறைவில்லை. வித்தியாசங்களில் முக்கியமானது, பிரசவமான வீட்டுக்கு முதல் பத்து நாளுக்குள்ளேயே தேடி வரும் பொதுச் சுகாதார மருத்துவமாது. கர்ப்ப காலத்தில் இருந்தே தெரிந்த முகம். பால் பத்தவில்லை என்று ஒரு தாய் சொன்னால், உட்கார்ந்து, கொடுப்பதைப் பார்த்து, திருத்திவிட்டுப் போகும் ஆள்.

தமிழ்நாட்டில் 2015இல் இருந்து பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் இருக்கின்றன. அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு மகப்பேறு விடுப்பு. தேவையானவைதான். ஆனால் பவுடரா, தாய்ப்பாலா என்பது பலருக்கு பஸ் ஏறும் முன்பே, முதல் வாரத்திலேயே முடிவாகிவிடுகிறது. ஒரு தராசும், கவ்வும் விதம் பார்க்கத் தெரிந்த ஒரு நர்ஸும் மூன்றாவது நாளிலும் ஐந்தாவது நாளிலும் கிடைத்தால் இந்த எண்கள் மாற வாய்ப்பிருக்கிறது. அது வரும் வரை, டிஸ்சார்ஜ் ஆகும்போதே 'எடை பார்க்க எப்போது, எங்கே வரணும்?' என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எடை போடலாம்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

ஐந்தாவது நாளுக்குப் பிறகு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, துணியில் செங்கல் பொடி மாதிரி ஆரஞ்சுக் கறை தொடர்ந்து படுகிறது, எழுப்பினாலும் விழித்துக் குடிக்கவில்லை, உச்சிக்குழி பள்ளமாக இருக்கிறது, மஞ்சள் நிறம் உள்ளங்கை, பாதம் வரை இறங்கியிருக்கிறது என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் தெரிந்தாலும் அப்படியே. காலை வெயிலில் காட்டுவது இதற்குச் சிகிச்சை ஆகாது. பச்சை நிறத்தில் வாந்தி, வலிப்பு, 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், உடம்பு சில்லிட்டுப் போவது, நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு வாங்குவது ஆகியவை இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108ஐ அழைக்கலாம். பால் அளவு, பவுடர் கலக்கும் விதம் போன்ற சந்தேகங்களுக்கு தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது.